பின்டேல் பார் சுவரில் ஒரு வருஷம்

ஜூன் 29, வியாழன்

நான் ஓட்டும் ஸ்கூல் பஸ்ஸின் கடைசி சீட்டில் எந்தப் பிள்ளையோ வாழைப்பழத்தை நசுக்கித் தேய்த்துவிட்டுப் போயிருந்தது. சுரண்டி எடுத்துவிட்டு மைதானத்துக்குப் போவதற்குள் பயிற்சி ஆரம்பித்துவிட்டது. நெவ் விசிலைக் கடித்தபடி நின்றார். அவர்தான் எங்கள் கோச், அவர்தான் கிளப் தலைவர், ஊரில் இருக்கும் ஒரே பிளம்பரும் அவர்தான்.

“நாப்பத்திமூணு வயசாச்சு, இதுல லேட்டா வேற வர்றியா மார்னி? நேரத்துக்கு வந்தாலே உன்னால ஓட முடியாது.”

“உங்களால விசில் ஊதவே முடியல. முதல்ல அதைப் பாருங்க.”

இன்னும் இரண்டு வாரத்தில் பின்டேலுடன் ஃபுட்பால் ஆட்டம், பந்தைக் கையாலும் பிடித்து ஆடுகிற எங்கள் பக்கத்து ஃபுட்பால். எங்கள் வர்ரூக்குக்கும் பின்டேலுக்கும் நடுவில் கோதுமை வயலைத் தவிர ஒன்றும் கிடையாது. சண்டை போட வேறு ஊர் அகப்படாததால் நூறு வருஷமாக ஒருவரோடு ஒருவர் போட்டுக்கொண்டிருக்கிறோம். ஆண்கள் மட்டும் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து வருஷமாகப் பெண்களுக்கும் அந்த பாக்கியம்.

யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதிவைக்கிறேன். எனக்கு இந்த வருஷம் ஆர்ச்சி மெடல் வேண்டும். பின்டேல் ஆட்டத்தில் சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுப்பது. ஆர்ச்சி இரண்டு ஊருக்காகவும் ஆடியவர், ஊருக்கொரு மனைவி வைத்திருந்தவர் என்று கேள்வி. மெடல் பார்ப்பதற்கு பிஸ்கட் டின் மூடி மாதிரி இருக்கும். அது யாருக்கு வேண்டும்? எனக்கு வேண்டியது அதோடு வரும் படம். மெடல் வாங்கியவரின் போட்டோவை எதிரி ஊர் கிளப்பின் பாருக்கு மேலே மாட்ட வேண்டும், ஒரு வருஷம் அங்கேயே தொங்க வேண்டும். ஆணியை அந்த பாரில் பியர் ஊற்றுகிறவரே அடிக்க வேண்டும். அப்பா காலத்திலிருந்து இதுதான் வழக்கம்.

பின்டேல் பாரில் பியர் ஊற்றுவது டேரன். என் முன்னாள் புருஷன்.

“நான் கொஞ்சம் தனியா இருந்து யோசிக்கணும்” என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன். நேராகப் போய் நரெல் வீட்டில் யோசித்தான். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான். நரெல் பின்டேல் அணியின் நெட்டை. பந்தை நடுவில் எறிந்ததும் எம்பித் தட்டுகிறவள். ஆறடி.

என் மூஞ்சியை அவன் கையாலேயே ஆணியடித்து மாட்ட வேண்டும். ஒரு வருஷம் அவன் ஒவ்வொரு கிளாஸ் ஊற்றும்போதும் நான் மேலே இருந்து முறைக்க வேண்டும். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 6, வியாழன்

முழங்கால் வீக்கம். பட்டாணிப் பாக்கெட்டை ஃப்ரீசரிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு படுத்தேன். கண் அசந்த நேரத்தில் என் மகள் மில்லி அதை உருவிக்கொண்டு போய் வேகவைத்துவிட்டாள். பதினாலு வயது. “உன் முட்டியில இருந்ததுன்னு தெரிஞ்சா சாப்பிட்டிருக்க மாட்டேன்” என்று என்மேலேயே கோபம்.

ஜூலை 12, புதன்

பஸ்ஸை எடுப்பதற்கு முன்னால் டெல் கடையில் காபி. டெல்லுக்கு ஐம்பத்துமூன்று வயது. ரொட்டிக் கடையில் வேலை. எங்கள் அணியில் ஆள் குறைந்தபோது எண்ணிக்கைக்காகச் சேர்ந்தவள். பந்து பக்கத்தில் வந்தால் “ஐயோ” என்று சொல்லி ஒதுங்குவாள். ஆனால் டெல் இல்லாவிட்டால் கிளப்பே கிடையாது. இருபது வருஷத்துக்கு மேலாக எல்லா ஜெர்சியையும் துவைத்து மடித்துக் கொடுப்பவள் அவள்தான்.

அவளிடம் மட்டும் படத்தைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தால் காபி மெஷினையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு வருஷம் அவன் உன்னைப் பாக்கணுமா, இல்ல நீ அவனைப் பாத்துக்கிட்டே இருக்கணுமா?”

காபியை மூடி போட்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். காலங்காத்தாலே கேட்கிற கேள்வியா அது.

ஜூலை 15, சனி

மூக்கு உடைந்தது. மெடல் போச்சு. தோற்றோம். இதில் எதை முதலில் எழுதுவது?

மூக்கு. இரண்டாம் குவார்ட்டர், அதாவது ஆட்டத்தின் இரண்டாவது கால் பகுதி. பந்துக்காக நரெலும் நானும் எம்பினோம். அவளுடைய முழங்கை என் முகத்தில் இறங்கியது. வேண்டுமென்று செய்யவில்லை என்றாள். என் முகமும் அங்கே வேண்டுமென்று போய் நிற்கவில்லை. குழாயைத் திறந்துவிட்டதுபோல ரத்தம். ஜெர்சியில் ரத்தம் இருந்தால் மைதானத்தில் நிற்க விடமாட்டார்கள். அம்பயர் என்னை வெளியே அனுப்பினார். இரண்டு மூக்கிலும் பஞ்சை அடைத்து, கன்னத்துக்குக் கன்னம் பிளாஸ்திரி போட்டார்கள். பாதி முகம் மூடிவிட்டது.

“மாத்து ஜெர்சி எங்க?” என்றார் நெவ்.

எல்லோரும் டெல்லைப் பார்த்தோம். ஆட்டம் ஆரம்பித்ததுமே கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, போர்வையைப் போர்த்தியபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

“கொடியில காயுது” என்றாள் டெல். “என் வீட்டுக் கொடியில.”

நெவ் சொன்னதை எழுத முடியாது. டெல் போர்வைக்குள்ளேயே தன் ஜெர்சியைக் கழற்றி நீட்டினாள். “இந்தா, நான் இனிமே எங்க ஓடப்போறேன். சேறுகூடப் படல.” முப்பத்திரண்டாம் எண். அவள் அகலத்துக்குத் தைத்தது, எனக்கு நைட்டி மாதிரி தொங்கியது.

அதைப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். அப்புறம் எனக்கு என்ன ஆச்சென்று எனக்கே தெரியவில்லை. பந்து என்னைத் தேடி வந்தது. தொட்டதெல்லாம் கையில் நின்றது. மூச்சு விட முடியாமல் வாயைப் பிளந்துகொண்டே ஓடினேன். மூன்று கோல். மூன்றாம் குவார்ட்டரில் ஒரு தடவை நரெலின் முதுகில் முழங்காலை வைத்து ஏறி (எங்கள் ஆட்டத்தில் அது தப்பில்லை), அவள் தலைக்கு மேலே பந்தைப் பிடித்தேன். வேலியோரம் நிறுத்தியிருந்த கார்கள் எல்லாம் ஹாரன் அடித்தன, பின்டேல் கார்கள்கூட. இருபது வயதில்கூட நான் இப்படி ஆடியதில்லை. ஒரு கோலில் தோற்றோம், அது வேறு விஷயம்.

சாயங்காலம் எங்கள் கிளப்பில் இரண்டு அணியும் உட்கார்ந்திருக்கிறோம். அம்பயர் வெளியூர்க்காரர். சிறந்த ஆட்டக்காரரின் எண்ணைச் சீட்டில் எழுதி நெவ்விடம் கொடுத்துவிட்டுத் தன் காருக்குப் போய்விட்டார். யார் எந்த ஜெர்சியில் ஆடினார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நெவ்தான் சொல்லியிருக்க வேண்டும். நெவ் அப்போது இறைச்சி பஃப்ஸ் தின்றுகொண்டிருந்தார்.

மைக்கைப் பிடித்தார். ஒரு கையில் பியர். சீட்டைப் பார்த்தார், அணி விவரத்தைப் பார்த்தார், யோசிக்காமல் வாசித்தார். “ஆர்ச்சி மெடல், எண் முப்பத்திரண்டு, வர்ரூக்கின் டெல் ஹாஸ்கிங்.”

நான் பாதி எழுந்துவிட்டேன். பாதி எழுந்தவள் அப்படியே நின்றேன்.

நெவ்வின் முகம் பழைய பால் மாதிரி திரிந்துபோனது. ஆனால் வாசித்தது வாசித்ததுதான். அப்பா காலத்தில் ஒருமுறை மைக்கில் சொன்ன பெயரைத் திருத்தப்போய், அடிதடியில் கழிவறைச் சுவர் இடிந்ததாம். அன்றிலிருந்து திருத்துவது கிடையாது. இரண்டு ஊரும் ஒத்துக்கொண்ட ஒரே சட்டம்.

சரி, டெல் சொல்லுவாள் என்று நினைத்தேன். ‘நான் இல்லைப்பா, அவள்தான்’ என்பாள் என்று.

டெல் எழுந்தாள். நொண்டிக்கொண்டே போனாள். மெடலை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். சிரித்தாள். எல்லோரும் கைதட்டினார்கள். நரெல் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால் மில்லி, “சும்மாவே நீ ஒரு அழகு, இப்ப இது வேறயா” என்றாள். ஆட்டம் பார்க்க வரமாட்டாள். என்னை மைதானத்தில் பார்த்தால் அவளுக்கு மானம் போகிறதாம். தலையணைக்குப் புது உறை மட்டும் மாற்றி வைத்திருந்தாள்.

ஜூலை 16, ஞாயிறு

அவ எப்படி எந்திரிச்சுப் போலாம்? எப்படி? சிரிச்சுக்கிட்டே வேற. போர்வைய போத்திக்கிட்டு உக்காந்திருந்ததுக்கு மெடலா?

மூக்கு விண் விண்ணென்று தெறிக்கிறது. எழுத முடியவில்லை.

ஜூலை 18, செவ்வாய்

கடைக்கே போய்க் கேட்டுவிட்டேன். வாடிக்கையாளர் யாரும் இல்லை. இருந்திருந்தாலும் கேட்டிருப்பேன்.

“அந்த ஆட்டத்துல நீ என்ன டெல் பண்ணின? பெஞ்சைச் சூடா வச்சிருந்த. அவ்வளவுதான்.”

டெல் ரொட்டியை வெட்டுவதை நிறுத்தவில்லை. “ஆமா.”

“அப்ப ஏன் போய் வாங்கின?”

“இத்தனை வருஷமா உங்க எல்லாரோட சேத்தையும் துவைக்கிறேன் மார்னி. ஒரு நாளும் என் பேரை மைக்ல கேட்டதில்ல. திடீர்னு கேட்டுச்சு. காலு தானா எந்திரிச்சிருச்சு. பாதி வழி போனப்புறம்தான் மூளை வந்து சேந்துச்சு. அத்தனை பேர் முன்னாடி திரும்பி வந்து உக்கார முடியல.”

“இப்பவாவது சொல்லலாமில்ல.”

“சொல்லலாம்.” ரொட்டியைப் பையில் போட்டு முடிச்சுப் போட்டாள். “நீ மெடலைக் கேட்டிருந்தா அன்னைக்கே கழட்டிக் குடுத்திருப்பேன். உனக்கு மெடல் வேணாம், அவன் மூஞ்சிக்கு நேரா போய்த் தொங்கணும். அதுக்கு நான் ஏன் ஆணி எடுத்துக் குடுக்கணும்?”

நான் ஒரு வார்த்தை சொன்னேன். ரொட்டிக் கடையில் சொல்லக்கூடாத வார்த்தை. அவளும் பதிலுக்கு ஒன்று சொன்னாள், அது அதைவிடப் பெரிது. கதவை அறைந்துவிட்டு வந்தேன். ரொட்டி வாங்க மறந்துபோனேன்.

ஜூலை 20, வியாழன்

இன்று படம் மாட்டும் நாள். அணி முழுக்க நெவ்வின் வண்டியில் ஏறிப் பின்டேலுக்குப் போயிருக்கிறது. நான் போகவில்லை. தலைவலி என்றேன். தலைவலிதான். டேரன் சுத்தியலோடு நிற்பதும், மேலே டெல் பல்லைக் காட்டுவதும், என்னால் பார்க்க முடியாது.

யார் எடுத்த படம், எந்தப் படம் என்றுகூட நான் கேட்கவில்லை.

ஜூலை 29, சனி

எல்லோருடைய ஜெர்சியும் துவைத்து, இஸ்திரி போட்ட மாதிரி மடித்து வந்தது. என்னுடையது மட்டும் பந்தாகச் சுருட்டி வந்தது. உள்ளே ஒரு துணிக் கவ்வி. வேண்டுமென்றே விட்டது.

ஆகஸ்ட் 8, செவ்வாய்

சூப்பர்மார்க்கெட்டில் மாவு அடுக்கின் அந்தப் பக்கம் டெல். நான் இந்தப் பக்கம். இரண்டு பேரும் ஒரே மாவுப் பாக்கெட்டின் விலையை வெகு நேரம் படித்தோம். ஊர் ரொட்டிக் கடைக்காரிக்கு சூப்பர்மார்க்கெட்டில் என்ன வேலை? அவள் கடை ரொட்டி இல்லாமல் காலையில் ஒன்றும் இறங்கவில்லை. அதை அவளிடம் போய்ச் சொல்ல முடியுமா.

ஆகஸ்ட் 19, சனி

பின்டேல் மைதானத்தில் மறு ஆட்டம். இந்த ஆட்டத்துக்கு மெடல் எதுவும் கிடையாது, அதனால் இரண்டு ஊரும் ஒழுங்காக ஆடினோம். ஜெயித்தோம். என் பங்கு சுமார். டெல் கால் இன்னும் சரியாகவில்லை என்று வரவில்லை.

முடிந்ததும் எல்லோரும் பாருக்குள் போனார்கள். போகாமல் காரில் உட்கார்ந்துவிடலாம் என்று நினைத்தேன். ‘பயந்துட்டா’ என்பார்கள். போனேன்.

டேரன் கவுண்டருக்குப் பின்னால். ஜூலை ஆட்டத்துக்குக்கூட பாரை விட்டு வராதவன். முடி இன்னும் கொஞ்சம் பின்வாங்கியிருக்கிறது.

“வா மார்னி. என்ன மூக்கு ஏதோ மாதிரி இருக்கு? ஜலதோஷமா?”

“ஆமா. போன மாசம் பிடிச்சது.”

பியர் ஊற்றி வைத்தான். அப்புறம்தான் தலையைத் தூக்கிப் பார்த்தேன்.

மேலே நான்.

மூக்கிலிருந்து இரண்டு பஞ்சு துருத்திக்கொண்டிருக்கிறது. கன்னத்துக்குக் கன்னம் பிளாஸ்திரி. வாய் குகை மாதிரி திறந்திருக்கிறது. டெல்லின் ஜெர்சி கப்பல் பாய்போல உப்பியிருக்கிறது. கை இரண்டும் மேலே, பந்து விரல் நுனியில். கீழே என் முழங்காலுக்கு அடியில் நசுங்கிப்போய் நரெலின் பாதித் தலை. படத்துக்கு அடியில் பித்தளைத் தகட்டில் ‘டெல் ஹாஸ்கிங், வர்ரூக்’ என்று பொறித்திருந்தது.

நான் பார்ப்பதைப் பார்த்து அவனும் திரும்பி அண்ணாந்து பார்த்தான். கையைக் கட்டிக்கொண்டு, ஏதோ தான் வளர்த்த குதிரையைப் பார்ப்பதுபோல.

“நம்ம டெல்லுக்குள்ள இப்படி ஒருத்தி இருந்திருக்கா பாரு. ரொட்டிக் கடையில நின்னுக்கிட்டிருக்கும்போது யாருக்காவது தெரியுமா? நான் தினமும் பாக்கறேன். அந்த வெறியைப் பாரு. கண்ணைப் பாரு.” கிளாஸைத் துடைத்தான். “உனக்கும் கொஞ்சம் இது இருந்திருந்தா, நல்லா வந்திருப்ப.”

தினமும் பார்க்கிறானாம். அந்தக் கண்ணைத்தான் சொல்கிறான்.

பியரை எடுத்துக்கொண்டு வெளியே படிக்கட்டுக்கு வந்துவிட்டேன். சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஏதோ ஒன்று வந்தது, மூக்கு வலித்தது. கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் அந்த வீட்டிலும் நான் இப்படித்தான் தொங்கியிருக்கிறேன். அவன் கண்ணுக்கு நேராக, தினமும். அதற்காக இன்னும் ஒரு வருஷம் கேட்டு வேண்டிக்கொண்டிருந்தேனே, என்னை எதால் அடிப்பது.

கதவு திறந்தது. நரெல். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு வருஷத்தில் ஆட்டத்துக்கு வெளியே அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

“சொல்லிட்டியா அவன்கிட்ட?”

“இல்ல.”

“அப்பாடா. சொல்லிடாத. எங்க டீம்ல எல்லாரும் பந்தயம் கட்டியிருக்கோம், எந்த வாரம் கண்டுபிடிப்பான்னு. ஜெயிக்கிறவளுக்கு ஒரு பீப்பாய் பியர். நான் கிறிஸ்மஸ் வாரம் எடுத்திருக்கேன். கிறிஸ்மஸ் வரைக்கும் தாங்குவான்னு நினைக்கிறேன்.”

“நீ அவன்கூடதானே குடித்தனம் பண்ற?”

“அதனாலதான் கிறிஸ்மஸ் வேணும்னு கேட்டேன்.” தலையைத் தடவிக்கொண்டாள். “போன மாசம் நான் முடிய கட்டையா வெட்டிக்கிட்டேன். இன்னும் அவன் கண்ணுல படல.”

வெட்டித்தான் இருந்தாள். நான்கூடக் கவனிக்கவில்லை. நன்றாக இருக்கிறது என்றேன். நிஜமாகவே நன்றாக இருந்தது, சொல்லத்தான் கசந்தது.

“அந்தப் படத்தை டெல்தான் பொறுக்கினா, தெரியுமா?” என்றாள். “நெவ் அவளை நிக்க வச்சு, மெடலோட அழகா ஒண்ணு எடுத்தாராம். அது வேணாம், பத்திரிகைக்காரன் எடுத்த இதுதான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னாளாம். இங்க மாட்ட வந்தப்ப, டேரன் ஆணி அடிச்சு முடிக்கிற வரைக்கும் ஒரு வார்த்தை பேசல. வெளிய போயி, கார்ல உக்காந்து சிரிச்சா பாரு. நாங்க பயந்துட்டோம்.”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

நரெல் தன் காருக்குப் போய் ஒரு பெரிய உறையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். அதே படம், தகடு இல்லாமல். “நானும் இருக்கேனேன்னு ஒரு காப்பி வாங்கினேன். பாத்தா பாதித் தலைதான் வந்திருக்கு. நீயே வச்சுக்க.” உள்ளே போகும்போது திரும்பினாள். “மூக்குக்கு சாரி. முழங்கை கொஞ்சம் தெரிஞ்சுதான் போச்சு.”

“தெரியும். என் முட்டியும்தான்.”

ஆகஸ்ட் 20, ஞாயிறு

கடை மூடியிருந்தது. டெல் வீட்டுப் பின்பக்கம் போனேன். கொடியில் ஜெர்சிகளை மாட்டிக்கொண்டிருந்தாள். வாயில் இரண்டு துணிக் கவ்வி. என்னைப் பார்த்தும் எடுக்கவில்லை.

கூடையிலிருந்து ஒன்றை எடுத்து உதறி மாட்டினேன். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மாட்டினோம்.

“பாத்துட்டியா?” என்றாள்.

“பாத்தேன்.”

“அவன்?”

“தினமும் பாக்கறானாம். உன்னை.”

டெல் வாயிலிருந்த கவ்விகள் கீழே விழுந்தன. அவள் சிரிக்க ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள், கொடிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. அவள் கெண்டைக்கால் வலிக்கிறது என்று புல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

மன்னிப்புக் கேட்டேன். பெஞ்சைச் சூடாக வைத்திருந்தாள் என்றதற்கு, மற்ற வார்த்தைக்கு. “அந்த வார்த்தைக்கு வேணாம்” என்றாள். “நானும் சொன்னேன்ல.” உள்ளே போய் மெடலை எடுத்துவந்து நீட்டினாள். நான் வாங்கவில்லை. மைக்கில் அவள் பெயர்தான் வந்தது. துவைத்ததற்கு யாரும் மெடல் கொடுப்பதில்லை, இதை அதற்கென்று வைத்துக்கொள்ளட்டும். எனக்கு அந்த இரண்டு குவார்ட்டர் போதும், அதை யாராலும் தப்பாக வாசிக்க முடியாது.

இரண்டு ரொட்டி கொடுத்தாள். நேற்றையது.

வீட்டுக்கு வந்து படத்தைச் சமையலறையில் மாட்டினேன், ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில். ஆணியை நானே அடித்தேன். கொஞ்சம் சாய்ந்துவிட்டது.

மில்லி பசியோடு வந்தாள். காதில் பாட்டு. ஃப்ரிட்ஜைத் திறந்தபடியே சுவரை ஒரு பார்வை பார்த்தாள்.

“ஐயோ அம்மா, வாயையாவது கொஞ்சம் மூடியிருக்கக்கூடாதா?”

பாலை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். படத்தில் பெயர் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இது யாரென்று அவள் கேட்கவும் இல்லை.